சுண்டல் வரைபடத்துக்கு ஒரு நல்ல இடம்

அனந்தலக்ஷ்மியின் குடும்பத்தில் யாருக்காவது வரன் வந்தால், ஜாதகம் பார்ப்பதற்கு முன்னால் அவளைத்தான் அனுப்புவார்கள். பெங்களூரில் ஒரு பி.யூ. காலேஜில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி நடத்துகிறவள். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டாள். ஆனால் அவள் சோதிக்கிற விதமே தனி. பிள்ளை வீட்டு வாசலை மிதிக்க மாட்டாள். எதிர்வீட்டில் வாடகைக்கு இடம் கேட்கிற மாதிரி போய் நிற்பாள். பால் பூத்தில் பேச்சுக் கொடுப்பாள். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம், "அந்த மாடி வீட்டுக்காரா சட்டையெல்லாம் நீங்கதான் தேய்க்கறேளா?" என்று ஆரம்பிப்பாள். திரும்பி வரும்போது, அந்த வீட்டு மனிதர்கள் கோபம் வந்தால் கதவைச் சாத்துவார்களா, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளுவார்களா என்பதுவரை அவளுக்குத் தெரிந்திருக்கும்.

ஆகவே இந்த ஆவணி மாதம் ஒரு வெப்சைட்டைக் குடிவைக்க நம்பகமான ஹோஸ்டிங் கம்பெனி தேடவேண்டி வந்தபோது, அவள் தனக்குத் தெரிந்த அந்த ஒரே வழியில்தான் இறங்கினாள்.

அது என்ன வெப்சைட் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். மல்லேஸ்வரம், ஸ்ரீராமபுரம், ஒக்கலிபுரம் பக்கத்தில் கொலு வைக்கிற வீடுகளுக்கு ஒரு குறை இருந்தது. ஒருநாள் பார்த்தால் எல்லா வீட்டிலும் பட்டாணிச் சுண்டல். மறுநாள் எல்லா வீட்டிலும் கடலைப்பருப்பு. நாலு வீடு கொலு பார்த்துவிட்டு வருகிறவர்கள் நாலு பொட்டலம் பட்டாணியோடு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார்கள். எந்த வீட்டில் என்றைக்கு என்ன சுண்டல், எத்தனை மணிக்கு வரலாம் என்பதை ஒரு வரைபடமாகப் போட்டுவிட்டால் என்ன என்று அனந்தலக்ஷ்மிக்குத் தோன்றியது. கொழுந்தனார் பெண் ஸ்னேஹா சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறாள். ஒரு சனி ஞாயிறில் உட்கார்ந்து செய்து கொடுத்துவிட்டாள். சுண்டல் வரைபடம் என்றே பெயர் வைத்தார்கள். தெரிந்தவர்கள் வந்தார்கள். தெரியாதவர்கள் வந்தார்கள். பி.ஜி. விடுதிகளில் தங்கியிருக்கிற பிள்ளைகள், கொலு என்றால் என்னவென்றே அறியாத வடக்கத்திக்காரர்கள் எல்லாரும் போனைப் பிடித்துக்கொண்டு வீடு தேடி வந்தார்கள். அனந்தலக்ஷ்மிக்குத் தலைகால் புரியவில்லை. நவராத்திரியில் அம்பாள் யார் ரூபத்தில் படியேறி வருவாள் என்று யாரும் சொல்ல முடியாது, ஆகையால் வந்தவர் எவரும் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்பது அவளுடைய திடமான நம்பிக்கை.

போன வருஷம் அந்த நம்பிக்கைக்குத்தான் சோதனை வந்தது.

வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி. ஊரே ஒரே நேரத்தில் வரைபடத்தைத் திறந்தது. சைட் திணறியது. பக்கம் அரைகுறையாக வந்து நின்றது. பட்டியலில் முதல் வீடு மட்டும்தான் தெரிந்தது. மற்ற வீடுகளைக் காணோம். அன்றைக்கு முதல் வீடு ஒக்கலிபுரம் வேதநாயகியுடையது.

வேதநாயகி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில் கவுன்டரில் உட்காருகிறவள். ரயில் சத்தம் கேட்கிற சந்தில் மாடி வீடு, இரண்டே அறை. ஸ்ரீராமபுரம் கோவிலின் வெள்ளிக்கிழமை பஜனையில் அனந்தலக்ஷ்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜால்ரா போடுகிறவள். அந்தச் சிநேகம் வளர்ந்து, ஒருத்திக்குத் தலைவலி என்றால் மற்றவள் தைலம் தேடுகிற அளவுக்கு வந்திருந்தது. அன்று அவள் ஒரு கிலோ கொண்டைக்கடலைதான் ஊறவைத்திருந்தாள். கூட்டம் படியில் ஏறியது, சந்தில் நிறைந்தது, தெருமுனை திரும்பியது. புதுக் கோவில் என்று நினைத்துச் சிலர் முனையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார்கள். "ஏனு விசேஷா?" என்று கன்னடத்தில் விசேஷம் விசாரித்த ஆட்டோக்காரர் ஒருவர், வண்டியை ஓரம் கட்டிவிட்டு வரிசையில் நின்றுவிட்டார். சுண்டல் தீர்ந்தது. வாங்கி வந்த பொரியும் தீர்ந்தது. வேதநாயகி மாடிப்படியின் தலைப்பில் நின்று, முகம் தெரியாத ஜனங்களைப் பார்த்துக் கைகூப்பி, "தீர்ந்துபோச்சுங்க, மன்னிச்சிடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பட்டுப் பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண் காலி டப்பாவைத் திறந்து பார்த்து, மறுபடி மூடிக்கொண்டு இறங்கிப் போனது. அந்த டப்பா மூடுகிற சத்தத்தை வேதநாயகியால் மறக்க முடியவில்லை.

இந்த வருஷம் பஜனை முடிந்து சுண்டல் வரைபடப் பேச்சை அனந்தலக்ஷ்மி எடுத்தபோது, வேதநாயகி ஜால்ராவைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள்.

"என் வீட்டைப் போடாதீங்க மாமி. பகல் பூரா ஆஸ்பத்திரில 'சர்வர் டவுன், கொஞ்சம் உக்காருங்க'ன்னு சொல்லித் திட்டு வாங்கறேன். சாயந்திரம் வீட்டுலயும் அதேதானா?"

"நல்ல இடமாப் பார்த்து மாத்திடறேன் வேதா. விழாத இடமா."

"விழாத சைட்டுன்னு ஒண்ணு இருக்குதா?"

"நான் விசாரிக்கறேன்."

"விசாரிச்சு சொல்லுங்க. அதுவரைக்கும் நான் பரண்லேருந்து பொம்மைய இறக்கறதா இல்ல."

"கொலுவே வைக்கமாட்டியா?" அனந்தலக்ஷ்மிக்குப் பகீரென்றது.

"யாருக்கு வைக்கறது? 'தீர்ந்துபோச்சு'ன்னு சொல்லவா?"

வேதநாயகியின் பொம்மைகள் பரணில் இருளில் கிடக்க, தான் மட்டும் ஒன்பது படி கட்டுவதா? அன்றிரவே அனந்தலக்ஷ்மி ஸ்னேஹாவுக்குப் போன் போட்டாள்.

"பெரியம்மா, போன தடவை இருக்கறதுலயே சீப்பா ஒண்ணு எடுத்தோம், அதான். இப்ப மூணு கம்பெனி சொல்றேன். ரிவ்யூ பாத்து ஒண்ண செலக்ட் பண்ணுங்க."

"ரிவ்யூ யார் எழுதறா?"

"கஸ்டமர்ஸ்தான்."

"பிள்ளையைப் பத்தி பிள்ளையோட சித்தப்பாவே சொல்ற மாதிரியா?"

ஸ்னேஹா சிரித்துவிட்டுப் போனை வைத்தாள். மூன்று கம்பெனிகளுக்கும் பெங்களூரிலேயே ஆபீஸ் இருந்தது. அனந்தலக்ஷ்மி ஒயிட்ஃபீல்டு வரன், கோரமங்களா வரன், ராஜாஜிநகர் வரன் என்று பெயர் சூட்டிவிட்டாள். கணவர் வெங்கடசுப்ரமணியன் பொதுப்பணித் துறையில் ரிடையர் ஆனவர். பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார்.

"ஜாதகம் வாங்கிட்டியா?"

"கேலி பண்ணாதீங்கோ. சொக்காயை மாட்டிண்டு கிளம்புங்கோ."

ஒயிட்ஃபீல்டு வரன் பெரிய இடம். மெட்ரோவில் உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்த பிறகுதான் வந்தது. கண்ணாடிக் கட்டிடம்; அண்ணாந்து பார்த்தால் மேகம் அதில் தெரிந்தது. செக்யூரிட்டி, யாரைப் பார்க்கவேண்டும் என்று கேட்டார். அது தெரிந்தால் அவள் ஏன் வருகிறாள்? எதிரே டீ விற்கிறவரிடம் போய், அந்தக் கம்பெனிப் பிள்ளைகள் எப்படி என்று கேட்டாள். "அந்தப் பேர்ல இங்க யாரும் டீ குடிக்கறதில்லையேம்மா" என்றார் அவர். சரி, போனில் பார்ப்போம் என்று கம்பெனியின் உதவிப் பக்கத்தைத் திறந்தாள். 'நவராத்திரி வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் கூட்டம் வந்தால் தாங்குமா?' என்று தட்டினாள். கண் இமைப்பதற்குள் பதில் வந்தது: உங்கள் கவலை எங்களுக்குப் புரிகிறது, நவராத்திரி சிறப்புத் தள்ளுபடி உண்டு. 'நீங்கள் மனுஷரா?' என்று கேட்டாள். உங்கள் கவலை எங்களுக்குப் புரிகிறது என்றது அது.

"பிள்ளையாண்டான் பணிவா பதில் சொல்றானே" என்றார் வெங்கடசுப்ரமணியன்.

"வீட்டுல ஆளே இல்ல. வாங்கோ போகலாம்."

கோரமங்களா வரனுக்கு முதலில் போன் செய்தாள். காத்திருக்கச் சொல்லி ஒரு இசை போட்டார்கள். அது ஓய்வதாயில்லை. வெங்காயம் நறுக்கி முடித்தாள். சாம்பார் கொதித்து இறங்கியது. இசை மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. மோகன ராகச் சாயல் என்று கண்டுபிடித்து அவளே கூட முணுமுணுக்கத் தொடங்கிவிட்டாள். அதனால் நேரிலேயே போனார்கள். அங்கே கிஷோர் என்று ஒரு பிள்ளை. மடிப்புக் கலையாத சட்டை, முகமெல்லாம் சிரிப்பு. ஜூஸ் கொடுத்து உட்காரவைத்தான்.

"எங்க பிளான்ல எல்லாமே அன்லிமிடெட் மேடம்."

"அன்லிமிடெட்னா எவ்வளவு?"

"அன்லிமிடெட் மேடம்!"

"எங்க காலேஜ் கேன்டீன்லயும் அன்லிமிடெட் மீல்ஸ்னு போர்டு இருக்கு. மூணாவது தடவை சாம்பார் கேட்டா பார்க்கற பார்வை இருக்கே…"

கிஷோர் சங்கடமில்லாமல் சிரித்தான். கூட்டம் தாங்குமா? தாங்கும். ஒருநாளும் விழாதா? விழாது. தப்பாக எதையாவது அழித்துவிட்டால் பழைய பிரதி கிடைக்குமா? கிடைக்கும். கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்து தருவீர்களா என்று கேட்டிருந்தாலும் தருவோம் என்றிருப்பான். நல்ல பிள்ளைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிற சம்பந்தி வீட்டாரை அனந்தலக்ஷ்மி ஒருநாளும் தேர்ந்தெடுத்ததில்லை. ஒரே ஒரு 'இல்லை' வந்திருந்தால் மற்ற 'ஆமாம்'களை அவள் நம்பியிருப்பாள்.

ராஜாஜிநகர் வரனுக்குக் கண்ணாடியும் இல்லை, ஜூஸும் இல்லை. கீழே லேத் பட்டறை கிர்ரென்று இரும்பைச் சீவிக்கொண்டிருந்தது. மேலே ஆபீஸ். வாசலில் அவள் மனசுக்குப் பிடித்தமான இஸ்திரி வண்டி நின்றது.

"மேல இருக்கற பசங்களா?" என்றார் இஸ்திரிக்காரர். "ஒருத்தனும் துணி குடுக்கறதில்லம்மா. எல்லாம் கசங்கின சட்டை. எப்பப் பாத்தாலும் லைட் எரிஞ்சிகிட்டே இருக்கும். என்ன வேலையோ, சும்மனே உக்காந்து பொட்டியப் பாத்துகிட்டு இருப்பாங்க."

வெங்கடசுப்ரமணியன் காதோடு சொன்னார்: "மாப்பிள்ளையா இருந்தா இதோட வேண்டாம்னுடுவே."

"மாப்பிள்ளைக்குக் கசங்கின சட்டை ஆகாது. இதுக்கு ஆகும்" என்று அவள் படியேறினாள்.

உள்ளே ஒரு இளைஞன் அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தான். மறுமுனையில் யாரோ ஊறுகாய்க் கடைக்காரர். தன் கடையின் பக்கங்களைத் தானே அழித்துவிட்டுப் பதறுகிறார் என்பது புரிந்தது. தட்டுத் தடுமாறிய கன்னடத்தில் இவன் சொல்லிக்கொண்டிருந்தான்: நேற்றைய பிரதி பத்திரமாக இருக்கிறது, ஒரு ஊறுகாய்கூடக் காணாமல் போகவில்லை, நீங்கள் முதலில் தண்ணீர் குடியுங்கள், நான் வைக்கமாட்டேன், குடித்துவிட்டு வாருங்கள். அவர் தண்ணீர் குடிக்கும்வரை உண்மையாகவே போனைக் காதில் வைத்தபடி காத்திருந்தான். பார்க்கிறவர் யாரும் இல்லை என்று நினைத்துச் செய்த காரியம் அது. அப்படிச் செய்கிற காரியத்தைத்தான் அனந்தலக்ஷ்மி தெருத்தெருவாக இத்தனை காலம் தேடி அலைந்திருக்கிறாள்.

திரும்பிப் பார்த்து அவன் எழுந்துகொண்டான். பெயர் சஞ்சய், திருப்பத்தூர்க்காரன்.

"உங்க சர்வர் விழுமா?" என்று நேராகக் கேட்டாள்.

"விழும்மா."

வெங்கடசுப்ரமணியன் இருமினார்.

"எல்லா சர்வரும் என்னிக்காவது விழும். ஆனா விழுந்தா உங்களுக்கு முன்னாடி எனக்குத் தெரியும். நானே உங்களுக்குப் போன் பண்ணுவேன். தூக்கி நிறுத்திட்டு மறுபடி பண்ணுவேன்" என்றான். பிறகு மற்ற இருவரும் செய்யாத ஒன்றைச் செய்தான். கேள்வி கேட்டான். எந்த நேரத்தில் கூட்டம் வரும்? மற்ற நாளில் எவ்வளவு பேர்? போன வருஷம் விழுந்த அன்று புதிதாக எதையாவது ஏற்றினீர்களா?

அனந்தலக்ஷ்மி யோசித்தாள். "புது போன் வாங்கியிருந்தேன். எங்காத்துக் கொலுவைப் போட்டோ எடுத்துப் போட்டேன்."

"எத்தனை போட்டோம்மா?"

"ஒவ்வொரு பொம்மைக்கும் ஒண்ணு. தசாவதாரத்துக்குத் தனித்தனியா."

சஞ்சய் பழைய சைட்டைத் திறந்து பார்த்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஒவ்வொரு போட்டோவும் கல்யாண மண்டபத்து பேனர் சைஸும்மா. அத்தனை பேரும் ஆறு மணிக்கு அதைத்தான் திறந்திருக்காங்க. எந்தக் கம்பெனியா இருந்தாலும் மூச்சு வாங்கியிருக்கும். சின்னதாக்கித்தான் போடணும்" என்றான்.

"அப்போ என் பொம்மைகள்தான் வேதா வீட்டு மாடிப்படியில ஏறி நின்னுதா!"

வரைபடத்தை அவனிடமே ஒப்படைத்துவிட்டு, அன்று மாலையே ஒக்கலிபுரம் போய் இதை அப்படியே சொல்லிவிட்டாள். வேதநாயகி கேட்டுக்கொண்டே அடுப்பை அணைத்தாள். பிறகு, "உங்க மச்சாவதாரம்தான் என் மானத்தை வாங்கினதா மாமி?" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து பொம்மைப் பெட்டியை இறக்கியதும் அதே சூட்டில்தான். "வெள்ளிக்கிழமை என் வீடுதான். ஆனா இந்தத் தடவை யாருக்கும் 'தீர்ந்துபோச்சு'ன்னு சொல்லமாட்டேன்" என்றாள் வேதநாயகி.

சொன்னபடியே செய்தாள். எட்டுக் கிலோ கொண்டைக்கடலை ஊறவைத்தாள். பாத்திரக் கடையிலிருந்து வாடகைக்கு ஒரு அண்டா வந்தது. அது மாடிப்படியில் திரும்பமாட்டேன் என்று அடம்பிடிக்க, பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து தலைக்குமேல் தூக்கிக் கொண்டுவந்து வைத்தார்கள். தேங்காய், மாங்காய், இஞ்சி, கறிவேப்பிலை. வாசனை ரயில் நிலையம்வரை போயிருக்கும். வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கே அனந்தலக்ஷ்மி தொன்னைகளை அடுக்கிக்கொண்டு அண்டாவுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்தாள். மறுபக்கம் வேதநாயகி, பில் கவுன்டரில் உட்காருகிற அதே விறைப்போடு.

ஆறு மணி ஆயிற்று. சைட் சிங்கம்போல நின்றது. தொட்டதும் திறந்தது, எல்லா வீடுகளும் பளிச்சென்று தெரிந்தன. ஜனங்கள் அவரவர்க்குப் பக்கத்தில், ஏறுவதற்குச் சுலபமான வீடாகப் பார்த்துக் கிளம்பிப் போனார்கள். ஒக்கலிபுரத்துச் சந்துக்கு, மாடிப்படி ஏற, மாமியும் மருமகளுமாக இரண்டு பேர் வந்தார்கள். அப்புறம் கீழ்வீட்டுக்காரி வந்தாள். அப்புறம் யாரும் வரவில்லை.

ஆறே கால். ஆறரை. வேதநாயகி கரண்டியால் அண்டாவில் மெல்லக் கிளறினாள். கிளறத் தேவையே இல்லை.

"போன வருஷம் கூட்டம் வந்து தலைகுனிஞ்சேன். இந்த வருஷம் வராம" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. கொலுப்படியில் அம்பாள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அனந்தலக்ஷ்மி எழுந்து மாடிப்படிப் பக்கம் போனாள். என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. சஞ்சய்க்குப் போன் போட்டாள்.

"சஞ்சய், ஒரு உதவி பண்ணணும்ப்பா. சைட்டைக் கொஞ்சம் விழ வைக்க முடியுமா?"

"என்னதும்மா?"

"அரை மணி போறும். போன வருஷம் மாதிரி முதல் வீடு மட்டும் தெரியட்டும். இன்னிக்கும் வேதா வீடுதான் முதல்ல இருக்கு."

"அம்மா, விழக்கூடாதுன்னு இஸ்திரிக்காரர்கிட்ட எல்லாம் விசாரிச்சிட்டு வந்தீங்க!"

"அது அப்போ."

"நல்லா நிக்குதும்மா. பாத்துகிட்டுதான் இருக்கேன். எல்லா வீட்டுக்கும் ஆளுங்க போய்கிட்டே இருக்காங்க."

"அதானே கஷ்டம்!" என்று அவள் கிட்டத்தட்டக் கத்திவிட்டாள். எட்டுக் கிலோவையும் அண்டாவையும் வேதநாயகியின் முகத்தையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"மத்த வீட்டுலயும் சுண்டல் பண்ணிட்டு உக்காந்திருப்பாங்கல்லம்மா?" என்றான் சஞ்சய்.

சுருக்கென்றது அவளுக்கு. ஒரு வீட்டை நிரப்பத் தெருவெல்லாம் காலியாக்கச் சொல்கிறோமே! அந்த வீடுகளிலும் ஒவ்வொருத்தி கரண்டியைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டுதானே இருப்பாள். அம்பாளுக்கு முன்னால் நின்றுகொண்டா இதைக் கேட்டோம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"தப்புதாம்ப்பா. விடு. நிக்கட்டும்."

"என்ன சுண்டல்மா?" என்றான் சஞ்சய்.

"கொண்டைக்கடலை. மாங்காய் போட்டு."

லேத் பட்டறைச் சத்தத்துக்கு மேலே அவன் யாரையோ கூப்பிடுவது போனில் கேட்டது. அப்புறம், "எங்களுக்கு இப்ப ஷிப்ட் மாறுற நேரம். எத்தனை பேர் வரலாம்?" என்றான்.

"எட்டுக் கிலோ பேர் வரலாம்!"

அவர்கள் வந்த விதத்தை ஒக்கலிபுரம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. முதலில் இரண்டு பைக், அப்புறம் நாலு, அப்புறம் பிதுங்கி வழிகிற ஆட்டோக்கள். கசங்கின சட்டைகள் வரிசையாக மாடிப்படி ஏறின. கம்பெனி முதலாளி கோவிந்தப்பா பூப்பந்து வாங்கிக்கொண்டு வந்தார். லேத் பட்டறையிலிருந்து கையெல்லாம் கிரீஸோடு ஐந்தாறு பேர். இஸ்திரிக்காரர் வண்டியைப் பூட்டிவிட்டு வந்துவிட்டார். சஞ்சய் தங்கியிருக்கிற பி.ஜி. முழுவதும் இறங்கியது. அந்தக் கும்பலில் மடிப்புக் கலையாத சட்டை ஒன்று தெரிய, அனந்தலக்ஷ்மி எம்பிப் பார்த்தாள்.

"அன்லிமிடெட்!" என்று கூவினாள்.

"மேடம்!" என்று கிஷோர் அதே சிரிப்போடு கையெடுத்துக் கும்பிட்டான். "சஞ்சய் என் ரூம்மேட் மேடம். நீங்க அவன்கிட்ட போனதே எனக்குத் தெரியாது!"

"உக்காருப்பா. இங்க மூணாவது தடவை கேட்டாலும் யாரும் பார்வை பார்க்கமாட்டா."

வேதநாயகி கரண்டியை நிமிர்த்திப் பிடித்து, "அடுத்தது!" என்று குரல் கொடுத்தாள். பில் கவுன்டர் பழக்கம். தொன்னை நீண்டது, நிறைந்தது, நகர்ந்தது. "அடுத்தது! யாருங்க அது, மாங்காய மட்டும் பொறுக்கறது? அடுத்தது!" ஷிப்ட் முடித்து வந்த வைஷ்ணவி என்கிற பெண்ணுக்குக் குங்குமம் கொடுத்து வெற்றிலை பாக்கு வைத்தபோது, அவள், இந்த ஊருக்கு வந்து ஒரு வீட்டுக்குள்ளே கூப்பிட்டது இதுதான் முதல் தடவை ஆன்ட்டி என்றாள். வேதநாயகி அவள் தொன்னையில் இன்னொரு கரண்டி போட்டாள்.

சஞ்சய் மட்டும் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைக் கொலுவின் கடைசிப் படியில், செட்டியார் கடைப் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். செட்டியாருக்கு முன்னால் பருப்பும் அரிசியும்; இவனுக்கு முன்னால் திரையில் ஊர்ச் சுண்டல் எல்லாம். அவனுடைய தொன்னை தொடப்படாமல் பக்கத்தில் இருந்தது.

கொலுவுக்கு வந்தால் பாடவேண்டும். அது எந்த வீட்டிலும் மாறாத சட்டம். யார் பாடுவது என்று எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கிஷோர் எழுந்தான். எனக்கு ஒரே பாட்டுத்தான் முழுசாகத் தெரியும் என்று சொல்லி, அவன் கம்பெனிக்குப் போன் செய்தால் கேட்கிற இசையைத் தொடங்கினான். "உங்கள் அழைப்பு… எங்களுக்கு… முக்கியம்…" என்று வார்த்தையும் சேர்த்து இழுத்தான். மோகனம் என்று வெங்கடசுப்ரமணியன் தொடையில் தாளம் போட்டார். வேதநாயகி பாய்ந்து போய் ஜால்ராவை எடுத்து வந்தாள். லேத் பட்டறைக்காரர்கள் அண்டாவைத் தட்டினார்கள். 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்ற அடி வந்ததும் அறையே சேர்ந்து பாடியது. கீழே சந்தில் போகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்த்து, பார்த்தவர்கள் படியேறினார்கள்.

பூரிப்புத் தாங்காமல் அனந்தலக்ஷ்மி போனை எடுத்தாள். கசங்கின சட்டைகளை ஒரு படம், கிஷோரை ஒரு படம், செட்டியாரோடு சஞ்சயை ஒரு படம், கிரீஸ் கைகளை ஒரு படம். எல்லாவற்றையும் அங்கேயே நின்று வரைபடத்தில் ஏற்றிவிட்டாள். ஊரெல்லாம் பார்க்கட்டும்.

அண்டாவின் அடி தெரிந்தபோது, வாசலில் ஒரு சின்னப் பெண் வந்து நின்றது. வளர்ந்திருந்தது, பாவாடை மாறியிருந்தது. கையில் அதே டப்பா.

வேதநாயகியின் கரண்டி அண்டாவின் அடியில் வெறும் கறிவேப்பிலையைத்தான் தொட்டது. அவள் முகம் வெளுத்தது. பாட்டு நின்றது. சஞ்சய் நிமிர்ந்து பார்த்தான். அந்த டப்பாவின் கதை அவனுக்குத் தெரியாது. பக்கத்திலிருந்த தன் தொன்னையை எடுத்துக் குழந்தையின் டப்பாவில் அப்படியே கவிழ்த்தான். குழந்தை உள்ளே பார்த்தது. மூடியது. இந்தத் தடவை அந்தச் சத்தம் வேறு மாதிரி இருந்தது.

வேதநாயகி எழுந்து, அம்பாளுக்கு நைவேத்தியம் வைத்திருந்த வெள்ளிக் கிண்ணத்தை எடுத்துவந்து சஞ்சயின் கையில் கொடுத்தாள். "சாப்பிடுப்பா. அவங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்று கொலுவின் பக்கம் தலையை அசைத்தாள்.

அவன் ஒரு வாய் போட்டிருப்பான். லேப்டாப் கீச்சென்று கத்தியது. கிண்ணத்தை வைத்துவிட்டு எதையோ வேகமாகத் தட்டினான். பிறகு போனை எடுத்து யாரையோ அழைத்தான். அனந்தலக்ஷ்மியின் கையில் இருந்த போன் அடித்தது. இரண்டு முழத் தூரத்தில் உட்கார்ந்து அவன் போனைக் காதில் வைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே அவள் எடுத்தாள்.

"அம்மா, சஞ்சய் பேசறேன். சைட் விழுந்துடுச்சு."

"ஐயையோ!"

"விழுந்தா நானே சொல்றேன்னு சொல்லியிருந்தேன்ல, அதான். யாரோ இப்ப பேனர் சைஸ்ல போட்டோ ஏத்தியிருக்காங்க."

அறை வெடித்துச் சிரித்தது. செட்டியார் பொம்மைகூடக் குலுங்கியது. அனந்தலக்ஷ்மி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். போன் மறுபடி அடித்தது.

"அம்மா, சஞ்சய் பேசறேன். எழுந்துடுச்சு."

வேதநாயகி அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். "தம்பி, இந்த வீட்டுக்காரி பேசறேன். அடுத்த வருஷமும் வெள்ளிக்கிழமை என் வீடுதான். எழுதிக்க. பத்துக் கிலோ" என்றாள்.

"சரிங்க அக்கா" என்றான் சஞ்சய், இரண்டு முழத் தூரத்திலிருந்து, போனிலேயே.